34 கிலோ ஆம்ப்பும் 3,500 ரூபாய் பெட்டியும்

லாரி ஆபீஸ் குடோனில் லோடுமேன் அந்த அட்டைப்பெட்டியைச் சாய்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம். காலிப் பெட்டியில் உருளும் சத்தம் இல்லை, கனமான ஏதோ ஒன்று இருந்த இடத்தை விட்டு அசைந்து இன்னொன்றில் இடிக்கிற சத்தம். உள்ளே இருந்தது ஸ்பீக்கரை உந்துகிற ஆம்ப்ளிஃபையர், எங்கள் பாஷையில் ஆம்ப். பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு ஆம்ப், ப்ளைவுட் ரேக் கேஸில், வெளியே இரண்டு கீறல் தவிர ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. நான் செய்த காரியம் என்ன தெரியுமா, டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனேன். இந்தக் கதையில் நான் செய்த தப்புகளில் அது மூன்றாவது. முதல் இரண்டும் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே நடந்து முடிந்திருந்தன.

திருநெல்வேலிப் பக்கம் சின்ன அளவில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். கல்யாணம், கட்சிக் கூட்டம், முக்கியமாகக் கோயில் கொடை, அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. கொடைக்கு மைக் செட் போட்டவர்களுக்குத் தெரியும், ஊர்க்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பேஸ் நெஞ்சில் அடிக்க வேண்டும். 18 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ் நான்கு வைத்திருந்தேன், அவற்றை உந்துகிற அளவுக்கு ஆம்ப் இல்லை. கோவையில் ஒருவர் வயதாகிவிட்டது, பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்று கடையை மூடுகிறார், இரண்டு பழைய அமெரிக்க ஆம்ப் விற்கிறார் என்று ஒரு டெக்னீஷியன் சொன்னார்.

பழைய பாணி சர்க்யூட்டான கிளாஸ் ஏபி வகை, 3 யூ உயரம் (சுமார் 13 செ.மீ.), ஒவ்வொன்றும் 34 கிலோ. இந்தக் காலத்துப் பையன்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது எஸ்எம்பிஎஸ் என்கிற எடை குறைந்த பவர் சப்ளை போட்ட புதுவகை கிளாஸ் டி ஆம்ப்புகள் அதே வாட்ஸை 10 கிலோ சுமாரில் தந்துவிடுகின்றன, ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். பழையதின் எடைக்குக் காரணம் அதன் டிரான்ஸ்ஃபார்மர். 50 ஹெர்ட்ஸ் கரண்டை நேரடியாக இறக்குவதற்கு அவ்வளவு இரும்பும் செம்பும் வேண்டும், ஆம்ப்பின் எடையில் பாதிக்குப் பக்கம் அந்த ஒரு உருண்டையே எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஏன் இதைத் தேடி அலைகிறோம் என்றால், கெட்டுப்போனால் சரிசெய்ய முடியும் என்பதால்தான். வரிசையாக அவுட்புட் டிரான்சிஸ்டர், பெரிய கபாசிட்டர், கண்ணுக்குத் தெரிகிற சால்டரிங். கொடை நடக்கிற ஊரிலேயே உட்கார்ந்து மாற்றிவிடுவார்கள். புதுசில் போர்டு போனால் போர்டையே மாற்று என்பான்.

கோவைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து 90,000 சொன்னார். நான் நேரில் போகவில்லை, வீடியோ கேட்டேன். சும்மா லைட் எரிவதைக் காட்டும் வீடியோ இல்லை. இரண்டு 18 அங்குல பாக்ஸை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கடைசியில் ஃபேன் சத்தத்தையும் பின்பக்கம் கைவைத்துப் பார்க்கிற சூட்டையும் காட்டச் சொன்னேன். மனிதர் பொறுமையாகக் காட்டினார். ஒரு சானலில் வால்யூம் திருகும்போது கரகரவென்று வந்தது, அதை அவரே முதலில் சொன்னார். இப்படிச் சொல்கிற ஆளிடம் ரொம்பக் கசக்கிப் பிழியக் கூடாது என்பது என் எண்ணம். மூன்று போன் காலில் 78,000க்கு வந்து நின்றோம். இன்றைக்கும் அது இரண்டு பேருக்கும் நியாயமான விலை என்றுதான் நினைக்கிறேன்.

கெட்டது அதற்கு அப்புறம்தான். ஒரு ஆம்ப் ரேக் கேஸோடு வரும், அது விலையில் சேர்த்தி. இன்னொன்றின் கேஸுக்குத் தனியாக 3,500 கேட்டார்.

“ஏனுங்க தம்பி, அது நானே ப்ளைவுட் வாங்கி, கார்னர் எல்லாம் போட்டு அடிச்சதுங்க. சும்மா எப்படிக் குடுக்கறது?”

“என்கிட்ட ரேக் இருக்குண்ணே. அது வேண்டாம். அட்டைப்பெட்டியிலயே கட்டி அனுப்பிருங்க.”

“சரிங்க, உங்க இஷ்டம்.”

அன்றைக்குச் சாயங்காலம் வரை 3,500 மிச்சம் பிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இது முதல் தப்பு. அதைவிடப் பெரிய ஓட்டை, அட்டைப்பெட்டி என்றால் என்ன அட்டைப்பெட்டி, உள்ளே என்ன வைப்பீர்கள், உடைந்தால் யார் தலையில் என்று ஒரு வார்த்தைகூட நான் கேட்காதது. விலைக்கு மூன்று கால், பேக்கிங்குக்கு முப்பது நொடி. முழுப் பணத்தையும் அன்றைக்கே போட்டும் விட்டேன்.

இரண்டாவது தப்பு புக்கிங் ஆபீஸில். சரக்கின் மதிப்பு என்ன எழுதட்டும் என்று கிளார்க் கேட்க, கோவைக்காரர் எனக்குப் போன் போட்டார். 78,000 என்று எழுதினால் கூடுதல் சார்ஜ் போடுவான், இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கிற சீட்டு) அது இதுவென்று கேட்பான் என்று பயந்து, “குறைச்சே போடுங்கண்ணே, 5,000ன்னு போடுங்க” என்றேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்குக்கு 1 லட்சம் ரூபாய் வரை இ-வே பில்லே தேவையில்லை, மாநில எல்லை தாண்டினால்தான் 50,000 என்கிற கணக்கு. அதுகூடத் தெரியாமல் பயந்திருக்கிறேன். வாடகை இரண்டு பெட்டிக்கும் 1,150, நான் எடுக்கும்போது கட்டுகிற மாதிரி டு-பே.

இனி பெட்டியைத் திறந்த கதை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கில் சொருகப் போனேன். எங்கள் டெக்னீஷியன் அண்ணாச்சி போனிலேயே கத்தினார்: “ஏய், கரண்ட் கிரண்ட் கொடுத்துராத. மூடியத் தொறந்து பாரு மொதல்ல.” பத்து ஸ்க்ரூ கழற்றி மேல் தகட்டை எடுத்தால், டிரான்ஸ்ஃபார்மர் பைசா கோபுரம் மாதிரி சாய்ந்து நிற்கிறது. அது வட்டமான டொராய்டல் வகை, நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் அதைக் கீழ்த்தகட்டோடு பிடித்திருக்கும். போல்ட் அறுந்துபோகவில்லை, தகடு கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. சாய்ந்ததில் பக்கத்து ஃபில்டர் கபாசிட்டர் இரண்டும் நசுங்கி, அவை நிற்கிற போர்டில் விரிசல். முன்பக்கத்து ரேக் காதுகள், அதாவது ரேக்கில் ஸ்க்ரூ போடுகிற தகடுகள், இரண்டும் உள்நோக்கி வளைந்திருந்தன.

அட்டைப்பெட்டியின் உள்ளே அடியில் ஒரு அங்குலத் தெர்மாகோல், சுற்றிலும் பபிள் ஷீட். தெர்மாகோலில் ஆம்ப்பின் நான்கு ரப்பர் காலும் அச்சுக் குத்தினாற்போல் ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கியிருந்தன, அதாவது கடைசியில் ஆம்ப் நின்றது அட்டைமேல். பபிள் ஷீட் முழுக்க வெடித்துச் சப்பையாகக் கிடந்தது. டிவி ரிமோட் அனுப்ப அது போதும்.

அப்போது உட்கார்ந்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். லோடுமேன் தொடை உயரத்திலிருந்து, 60 செ.மீ. என்று வையுங்கள், பெட்டியைப் போடுகிறார். கீழே உள்ள மெத்தை 1.5 செ.மீ. மட்டும் அமுங்கிக் கொடுக்கிறது. விழுந்த உயரத்தை அமுங்கின தூரத்தால் வகுத்தால் 40. அந்த ஒரு கணத்துக்கு உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் 40 மடங்கு அழுத்தும். 15 கிலோ டிரான்ஸ்ஃபார்மர் 600 கிலோவாகத் தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதே வீழ்ச்சிக்கு 3 செ.மீ. அமுங்கிக் கொடுக்கிற மெத்தை இருந்தால் 300 ஆகிவிடும். எவ்வளவு தூரம் அமுங்கி நிற்கிறது என்பதுதான் எல்லாம். தெர்மாகோல் ஒரு தடவை நசுங்கினால் அவ்வளவுதான், திரும்ப எழாது, இரண்டாவது தடவை போடும்போது அது வெறும் காகிதம். கோவையிலிருந்து திருநெல்வேலி வருவதற்குள் அந்தப் பெட்டியை எத்தனை தடவை ஏற்றி இறக்கியிருப்பார்கள்? புக்கிங் ஆபீஸில், அங்கே குடோனில், இங்கே குடோனில், குறைந்தது நான்கு ஐந்து தடவை.

சரி, பக்கத்தில் இருந்த இன்னொரு ஆம்ப் எப்படிப் பிழைத்தது? இதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. அந்த ரேக் கேஸுக்குள் நுரை என்று ஒரு துண்டு கிடையாது. வெறும் ப்ளைவுட்டும் இரும்பும். ஆனால் இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தது. கைப்பிடி இருக்கிற பெட்டியை இரண்டு பேர் தூக்கி இறக்கி வைக்கிறார்கள், கைப்பிடி இல்லாததை ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கி, குனிய முடியாமல் கடைசி ஒன்றரை அடியைக் கைவிட்டுவிடுகிறார். இந்த 30, 40 கிலோ எடைதான் இருப்பதிலேயே மோசமானது. 10 கிலோவை யாரும் மெதுவாக வைக்கலாம், 100 கிலோ பெட்டியை ஒரு ஆள் தனியாகத் தூக்கப் போக மாட்டார், டிராலிதான். நடுவில் இருப்பதை ஒரு ஆளால் தூக்க முடியும், மெதுவாக வைக்க முடியாது. லோடுமேனைத் திட்டி என்ன பயன், நாள் முழுக்க இதையே தூக்குகிறவர் அவர். இன்னொன்று, அந்தக் கேஸில் பெரியவர் ஆம்ப்பின் பின்பக்கத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்திருந்தார். அது இல்லாமல் முன்காது நான்கு ஸ்க்ரூவில் மட்டும் 34 கிலோ தொங்கியிருந்தால், கேஸில் வந்த ஆம்ப்பும் காது பிய்ந்துதான் வந்திருக்கும். 3,500 கேட்டது ப்ளைவுட்டுக்கு மட்டும் இல்லை.

ரிப்பேர் செலவு 11,000. டிரான்ஸ்ஃபார்மர் சுருள் தப்பித்தது எங்கள் குலசாமி புண்ணியம், அது போயிருந்தால் ஆம்ப்பைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும்.

யார் தருவது? முதலில் லாரி ஆபீஸ். மேனேஜர் டெலிவரி சீட்டை எடுத்துக் காட்டினார்: “நல்ல நிலையில் வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்.” சாய்த்தபோது சத்தம் கேட்டதும் அங்கேயே நின்று, ‘பெட்டி அடிபட்டுள்ளது, உள்ளே சத்தம் கேட்கிறது’ என்று அந்தச் சீட்டில் நாலு வார்த்தை எழுதி, போட்டோ எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். 2007ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011 விதிகளும்தான் இதற்கு. அனுப்புகிறவர் மதிப்பைக் கூடுதலாகச் சொல்லி, அதற்கான கூடுதல் ரிஸ்க் கட்டணத்தைக் கட்டாவிட்டால், லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும், அதுவும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. எங்கள் கணக்கில் 1,150ஐப் பத்தால் பெருக்கினால் 11,500, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் நாங்கள் எழுதிக்கொடுத்தது 5,000. என் வாயாலேயே 6,500ஐ வெட்டிவிட்டேன். வழக்குப் போடுவதாக இருந்தால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். போட்டோவோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து 2,000 கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

மீதி 9,000. கோவை அண்ணனிடம் பேசப் போகும் முன் சட்டத்தில் என் பக்கம் எவ்வளவு பலம் என்று பார்த்தேன். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39ஆவது பிரிவு. அனுப்பி வைப்பதாக ஒப்பந்தம் என்றால், விற்றவர் லாரியில் ஏற்றிய நிமிடமே பொருளை வாங்கியவர் கையில் கொடுத்த மாதிரி என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை லாரிக்காரரோடு விற்றவர் செய்திருக்க வேண்டும், செய்யாவிட்டால் நஷ்டத்தை அவரிடம் கேட்கலாம், வாங்கியவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் ஒழிய. அந்தக் கடைசித் துண்டில்தான் நான் மாட்டினேன். 5,000 போடுங்கள் என்றது யார்? அட்டைப்பெட்டி போதும் என்றது யார்?

அதனால் சண்டைக்குப் போகவில்லை. போன் போட்டதும் அவர், “அதெல்லாம் லாரிக்காரங்களைக் கேளுங்க தம்பி, என்கிட்ட இருந்து போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு” என்றார். ஆமாண்ணே, நல்லாத்தான் இருந்தது என்றேன். கேஸ் வேண்டாம் என்றது என் தப்பு, மதிப்பு குறைத்தது நான் சொல்லி நீங்கள் செய்தது, ஆனால் 34 கிலோவுக்கு ஒரு அங்குலத் தெர்மாகோல் வைத்தது மட்டும் நீங்கள்தானே என்று சொல்லி, நசுங்கின தெர்மாகோலின் போட்டோவை அனுப்பினேன். நாலு ஓட்டையும் தெளிவாகத் தெரிந்தது. பதில் வர ஒரு நாள் ஆனது. “அந்தக் கேஸைச் சும்மா எடுத்துக்கங்க. 2,000 போட்டுவிடறேன்.” நான் 3,000 கேட்டேன், 2,500க்கு முடிந்தது. கேஸையும் சேர்த்தால் 6,000 அவர் பக்கம், 3,000 என் பக்கம். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பாதிப்பாதி என்றாலே நான் ஒத்துக்கொண்டிருப்பேன். என் தப்பை நானே முதலில் சொன்னதுதான் அவரை இளக்கியது என்று நினைக்கிறேன். முந்தின நாள் கோபத்தில் பேசியிருந்தால் நம்பரையே பிளாக் பண்ணியிருப்பார்.

ஏழெட்டு மாதம் கழித்து நான் விற்கிற இடத்தில் நின்றேன். என் பழைய ஆம்ப் ஒன்று, 31 கிலோ, தஞ்சாவூர்ப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற ஒரு தம்பிக்கு 32,000. இந்த முறை விலை பேசும்போதே பெட்டியையும் பேசினேன். ப்ளைவுட் பெட்டி, இரண்டு பக்கம் கயிற்றுக் கைப்பிடி, அடியில் இரண்டு ரீப்பர் கட்டை, உள்ளே ஆறு பக்கமும் 5 செ.மீ. ஈபிஇ (பாலிஎத்திலீன்) நுரை. ரப்பர் காலைக் கழற்றிவிட்டு, ஆம்ப்புக்கும் நுரைக்கும் நடுவில் ஒரு மெல்லிய ப்ளைவுட் பலகை, எடை நாலு புள்ளியில் குத்தாமல் பரவுவதற்கு. மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி நுரைத் துண்டு இறுக்கிச் செருகி, அதை எடுக்காமல் கரண்ட் கொடுத்தால் பற்றிக்கொள்ளலாம் என்பதால் ‘நுரையை எடுத்த பிறகே ஆன் செய்யவும்’ என்று முன்பக்கத்துப் பவர் சுவிட்ச்மேலேயே பேப்பர் ஒட்டினேன். இதற்கெல்லாம் 2,200, அது வாங்குகிறவர் கணக்கு. சரக்கு மதிப்பு 32,000 என்றே எழுதி, ரிஸ்க் சார்ஜையும் கட்டினேன்.

விற்கிற இடத்தில் நின்றால் பயம் வேறு மாதிரி வருகிறது. அவர் உள்ளே நல்ல டிரான்சிஸ்டரைக் கழற்றிக்கொண்டு ‘வரும்போதே வேலை செய்யல’ என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? உள்பக்கம் முழுக்கப் போட்டோ எடுத்து அனுப்பி, மூடி ஸ்க்ரூ ஒவ்வொன்றின் தலையிலும் என் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்தேன். நுரையை எடுக்கிறதற்குத் திறக்கத்தான் வேண்டும், அதை வீடியோ காலில் என் முன்னால் திறக்க வேண்டும் என்று பேச்சு. அவர் பயத்துக்கு நான் விட்டுக்கொடுத்தது, விலையில் 5,000ஐ முதலில் கட்ட வேண்டாம் என்பது. அதை அவரே வைத்துக்கொள்ளட்டும், சீரிஸ் பல்பு போர்டில் (உள்ளே ஷார்ட் இருந்தால் கரண்டை மட்டுப்படுத்துகிற பல்பு) வைத்து முதலில் ஆன் செய்து, அப்புறம் பாக்ஸ் மாட்டி ஓட்டிப் பார்த்து, இரண்டு நாளுக்குள் அனுப்பினால் போதும். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே போட்டேன்.

அவர் எல்லாவற்றுக்கும் சரி சொன்னார், பெட்டியைத் தவிர. “அண்ணே, 2,200 எதுக்குண்ணே? ஒரு அட்டைப்பெட்டியில கட்டிருங்கண்ணே.” சிரிப்பை அடக்கிக்கொண்டு, விலையில் 1,000 குறைக்கிறேன், பெட்டியில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றேன். அரை மணி நேரம் முயன்று பார்த்தார். கடைசியில் 31,000, பெட்டி 2,200.

மூன்றாம் நாள் வீடியோ காலில் வந்தார். குடோனிலேயே சாய்த்துப் பார்த்தாராம், சத்தம் இல்லை. பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, அதைச் சீட்டில் எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். நெயில் பாலிஷை நகத்தால் சுரண்டித் திறந்து, நுரையை எடுத்து, சீரிஸ் பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கியதைக் காட்டினார். அன்றைக்கு இரவே 5,000 வந்துவிட்டது. கூடவே ஒரு மெசேஜ்: “அண்ணே, இந்தப் பெட்டி எனக்கு இனி எதுக்கு, திருப்பி அனுப்பினா எவ்வளவு போட்டு எடுத்துக்குவீங்க?”

800 என்றேன். 1,500 கேட்கிறார். இன்னும் முடியவில்லை.